எலி நீந்துவதில் என்ன தெரியும்?



பக்கவாதம் வந்தவரின் வீட்டார், மூளையில் எவ்வளவு இடம் கெட்டுப்போனது என்று டாக்டரிடம் கேட்பதில்லை. "தானே எடுத்துச் சாப்பிடுவாரா? எங்களை அடையாளம் தெரியுமா?" என்றே கேட்கிறார்கள். புதிய மருந்துகளை முதலில் எலிகளில் சோதிக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே கேள்விதான். எலியோ வாய் திறந்து சொல்லாது. அதன் நடத்தையைப் பார்த்தே அறியவேண்டும்.

எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, மூளைக்குச் செல்லும் ஒரு முக்கிய இரத்தக்குழாயை மெல்லிய நைலான் இழையால் அடைப்பார்கள். பின்பு சோதனைகள் தொடங்கும்.

கை வலுவை அறிய, எலியைக் கண்ணாடி போன்ற உருளைக்குள் விடுவார்கள். அது எழுந்து நின்று சுவரில் முன்னங்கால்களை ஊன்றும். ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் மறு காலையே அதிகம் பயன்படுத்தும். பாதத்தில் சிறு ஒட்டுத்தாளை ஒட்டி, அதை உணர்ந்து அகற்ற எத்தனை விநாடி ஆகிறது என்றும் பார்ப்பார்கள்.

நினைவாற்றலுக்கு நீர்த்தொட்டிச் சோதனை உண்டு. இதை ரிச்சர்ட் மோரிஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1981-ல் வெளியிட்டார். கலங்கலாக்கிய நீருக்குள் ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். அறையிலுள்ள அடையாளங்களைக் கொண்டு எலி அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு மேடையை எடுத்துவிடுவார்கள். பழைய இடத்தையே சுற்றி நீந்தினால் நினைவு இருக்கிறது என்று பொருள். நீந்தப் பலமில்லாத எலியை மறதியுள்ளது என்று தவறாக எண்ணாதபடி, நீந்தும் வேகத்தையும் தனியே அளப்பார்கள். மேடை கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் ஒருமுறை சோதிப்பார்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்து விலங்குகளில் மூளைச் சேதத்தைக் குறைத்தது. 2006-ல் வெளியான முதல் பெரிய மனித ஆய்வும் நம்பிக்கையூட்டியது. ஆனால் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த அடுத்த ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானபோது, பலன் இல்லை என்று தெரிந்தது. சோதனை எலிகள் பெரும்பாலும் இளமையும் ஆரோக்கியமும் உள்ளவை. நோயாளிகளோ வயதானவர்கள், இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்கள். ஆகவே வயதான எலிகளிலும், பல வாரங்கள் கழித்தும், எந்த எலிக்கு மருந்து தரப்பட்டது என்று அறியாதவரைக் கொண்டும் சோதிப்பது அவசியம்.

விலங்குகளில் தொடங்கி மனிதரிலும் பலன் தந்தது, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.