கூரைக்கு ஒரு விலைப்புள்ளி

2019 மே 3 அன்று ஃபானி புயல் ஒடிசா மாநிலத்தின் பூரி அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 175 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வீசிய காற்றில் தகரக் கூரைகள் பல பெயர்ந்து பறந்தன. பறக்கும் தகடு வாளினும் கொடியது.

இத்தகைய கூரையை வலுப்படுத்த விரும்புவோர் ஒப்பந்ததாரர்களிடம் முதலில் விலைப்புள்ளி கேட்பர். வீட்டில் நாம் 'கொட்டேஷன்' என்பது இதுவே. வேலை இன்னது, பொருள் இன்னது, செலவு இவ்வளவு என எழுத்தில் தருவது விலைப்புள்ளியாகும்.

ஒரு வீட்டிற்கு இரண்டு விலைப்புள்ளிகள் வந்தன எனக் கொள்வோம். ஒன்றில், 'புதிய தகரக் கூரை, கூலியுடன் ரூ. 78,000' என்னும் ஒற்றை வரியே உள்ளது. மற்றொன்று ரூ. 96,000. அதில் தகட்டின் தடிமன், துத்தநாகப் பூச்சின் அளவு, திருகாணிகளின் இடைவெளி, சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் முறை ஆகியன தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. முதலாவது மலிவாகத் தோன்றும். ஆயின் எவையெவை அடங்கும் என்பதே தெரியாத ஒன்றை மலிவு என எவ்வாறு கூறுவது?

புயற்காற்று கூரையைப் பெரும்பாலும் மேல்நோக்கி இழுத்தே பெயர்க்கிறது. கூரையின்மீது காற்று விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. உடைந்த சன்னல் வழியே புகுந்த காற்றோ உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. இவ்விசை ஓரங்களிலும் மூலைகளிலும் மிகுதி. ஆதலின் அவ்விடங்களில் திருகாணிகள் நெருக்கமாக அமைய வேண்டும். தகடு சட்டத்தோடும், சட்டம் சுவரோடும் உறுதியாகப் பிணைந்திருத்தல் வேண்டும். இன்றேல் தகடும் சட்டமும் சேர்ந்தே பறக்கும். தடித்த தகடு வாங்கிவிட்டுப் பிணைப்பில் சிக்கனம் பார்ப்பது வீண் செலவு என்பேன்.

எனவே முதலாமவரிடமும் அதே விவரங்களை எழுதி வாங்க வேண்டும். துருவேறிய சட்டங்களை மாற்றுவாரா? பழைய தகடுகளை அகற்றும் கூலியும் வரியும் சேர்ந்தனவா? எவ்வளவு காற்று வேகத்திற்குக் கணக்கிட்டார்? காற்றுச் சுமையைக் கணக்கிடும் முறையை ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர நூலின் மூன்றாம் பகுதி கூறுகிறது. அதன்படி புவனேசுவரத்தின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். விடைகள் வந்தபின் ரூ. 78,000 என்பது ஓர் இலட்சத்தைத் தாண்டினும் தாண்டலாம். குறைவாகவே நின்றாலும் நிற்கலாம். அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட இயலும்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தல் கூடாது. பொருள்கள் வந்திறங்கியதும் ஒரு பங்கு, வேலை பாதி முடிந்ததும் ஒரு பங்கு எனப் பிரித்தளிப்பது நன்று. இறுதிப் பங்கை, விவரம் அறிந்த ஒருவர் ஏணியில் ஏறி ஓரத்துத் திருகாணிகளை எண்ணிப் பார்த்த பின்னரே கொடுத்தல் வேண்டும்.