தொண்டைத் துளைக்கு மூன்று குறியீடுகள்

கடத்தூர்ப் பக்கம் ஒருவர் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல நாள் வென்டிலேட்டரில் இருக்க வேண்டியவர் என்றால், கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் பொருத்துவார்கள். இதுதான் டிரக்கியாஸ்டமி. சளியை உறிஞ்சி எடுக்கவும் வென்டிலேட்டரிலிருந்து படிப்படியாக விடுவிக்கவும் இது வசதி.

ஆனால், மூச்சு குரல்நாண்களுக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால் பலருக்குப் பேச்சு வராது. டியூபோடு வீடு திரும்பியவருக்கு நள்ளிரவில் மூச்சடைத்தால், 108 ஆம்புலன்ஸ் ஊழியரிடம் அவரால் எதையும் விளக்க முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் நம்ப வேண்டும்.

அதில் 'டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. புதுத் துளையின் பாதை உறுதிப்பட ஏறக்குறைய ஒரு வாரமாகும். அதற்குள் கழன்ற டியூபைத் திரும்பச் செருகினால், அது மூச்சுக்குழாய்க்கு வெளியே திசுவுக்குள் போய்விடலாம். ஆகவே தேதி முக்கியம். குரல்வளையே அகற்றப்பட்டவருக்கும் கழுத்தில் துளைதான் தெரியும். ஆனால் அவருடைய வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்துப் பயனில்லை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, பிரிட்டனின் தேசிய டிரக்கியாஸ்டமி பாதுகாப்புத் திட்டம் குரல்வளை இருப்பவர்களின் தலைமாட்டில் பச்சை அட்டையும், அது அகற்றப்பட்டவர்களுக்குச் சிவப்பு அட்டையும் வைக்கச் சொல்கிறது.

இந்த விவரங்களைக் குறியீடாக்குவது மெடிக்கல் கோடிங். சென்னை, கோவை, திருச்சி, சேலம் எனப் பல ஊர்களில் தமிழ் இளைஞர்கள் அமெரிக்க மருத்துவக் கோப்புகளுக்கு இதைச் செய்கிறார்கள். ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில், துளை இருக்கிறது என்று மட்டும் சொல்ல இசட்93.0, சுத்தம் செய்யவோ மூடவோ வந்தால் இசட்43.0; துளையாலேயே சிக்கல் என்றால் ஜே95.0. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பின்பற்றும் பதிப்பில், கடைசிக் குறியீடு ரத்தக்கசிவு, தொற்று, அடைப்பு எனக் கிளை பிரிகிறது.

கோடர் எதையும் ஊகிக்கக் கூடாது. 'டியூபில் ரத்தம்' என்று மட்டும் இருந்தால், அது துளையின் சிக்கலா, சளி உறிஞ்சும்போது பட்ட கீறலா என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும். இதைக் 'குவெரி' என்பார்கள்.

குவெரி கேட்கும் உரிமை குடும்பத்துக்கும் உண்டு. டியூபின் அளவு, கஃப் (டியூபைச் சுற்றிய காற்றுப்பை) உண்டா, துளையிட்ட தேதி, கடைசியாக மாற்றிய தேதி, குரல்வளை இருக்கிறதா: இந்த ஐந்தையும் எழுதி வாங்கிய பிறகே மருத்துவமனையை விட்டுக் கிளம்புங்கள்.