உஸ்ஸ்... காற்று எங்கே புகுகிறது?

சிக்னலில் வண்டி நிற்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. சாவியைத் திருப்பி, காலை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை.

1990களின் மாருதி 800ஐ இன்னும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் ஸ்குரூ டிரைவர்தான் முதலில் கைக்கு வரும். கார்பரேட்டரில் ஐடிலிங் ஸ்குரூவை, அதாவது கால் எடுத்த நிலையில் என்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்குரூவை, அரைச் சுற்று ஏற்றிவிட்டால் வண்டி நிற்காது. இரண்டு வாரம் போனால் பழைய கதைதான். மறுபடி அரைச் சுற்று. பெட்ரோல் செலவு ஏறும், பிளக் கறுத்துப்போகும், சொந்தக்காரர் கார்பரேட்டரையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குவார். கடைசியில் பார்த்தால் காரணம் விரல் நீளமுள்ள ஒரு ரப்பர் ஓஸில் விழுந்த வெடிப்பாக இருக்கும். பட்டறை மொழியில் சொன்னால், “எங்கியோ ஏர் இழுக்குது.”

மாருதி 800 முதன்முதலாக வாடிக்கையாளர் கைக்கு வந்தது 1983 டிசம்பரில். தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2000ஆம் ஆண்டை ஒட்டி, கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வரும்வரை எல்லாமே கார்பரேட்டர் வண்டிகள். அப்படியானால் இன்று சாலையில் ஓடும் கார்பரேட்டர் மாருதிகளில் இளையதற்கே கால் நூற்றாண்டு வயது. இரும்புக்கு அது பெரிய வயதில்லை. பானெட்டுக்கு அடியில் தினமும் வெந்து ஆறும் ரப்பருக்கு அது தள்ளாத வயது.

பெட்ரோல் என்ஜின் ஒரு உறிஞ்சு பம்பு. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஐடிலிங்கில் கார்பரேட்டரின் திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருப்பதால் போதிய காற்று உள்ளே வர முடியாமல், கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இதைத்தான் வாக்யூம் என்கிறார்கள். இந்த நிலையில் வழி கிடைத்த இடத்திலெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாருதி 800 நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது அது இழுக்கும் காற்று, வெளி அழுத்தத்தில் அளந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 லிட்டர். மேனிஃபோல்டில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் அதன் வழியாக மட்டும் நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவுக்குக் காற்று புகுந்துவிடும். பெட்ரோல் சுத்தமாக எரிய எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். கார்பரேட்டரைக் கடக்காமல் வரும் காற்றில் பெட்ரோல் கலப்பதில்லை. கலவை இளைத்துவிடுகிறது, என்ஜின் இருமுகிறது. பைபாஸிலோ திராட்டில் திறந்திருக்கும். உள்ளே போகும் காற்று பல மடங்கு. அந்தப் பெருவெள்ளத்தில் இந்த 60 லிட்டர் கரைந்துபோகும். மேனிஃபோல்டில் அழுத்தமும் ஏறிவிடுவதால் துளை இழுப்பதும் குறைகிறது. ஐடிலிங்கில் தகராறு, வேகத்தில் சுகம் என்றால் ஏர் லீக்கைச் சந்தேகிக்கச் சொல்வது இதனால்தான்.

தேடலின் முதல் கருவி காது. ஐடிலிங் வாக்யூமில் துளையின் குறுகலான இடத்தில் காற்று ஒலியின் வேகத்தையே எட்டிவிடுகிறது. அந்த ‘உஸ்ஸ்’ அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் மூன்று சிலிண்டர் தடதடப்பிலும் ஃபேன் இரைச்சலிலும் அது எந்த மூலையிலிருந்து என்று பிடிபடாது. அனுபவசாலிகள் இரண்டடி ரப்பர் டியூப் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துவார்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பேதான், ஃபேன் பெல்ட்டில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் கூடுதல்.

காது கைவிட்டால் நோஸ் பிளையர். என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு ஓஸாக, அது மேனிஃபோல்டில் சேருமிடத்தின் அருகே, துணி சுற்றி மெல்ல நசுக்குவது. எந்த ஓஸை நசுக்கும்போது இருமல் நின்று ஓட்டம் சீராகிறதோ, கோளாறு அந்த வழியில். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஓஸானால் நுனியில் ரப்பர் கல்லாகி விரிந்திருக்கலாம். அல்லது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கலாம். டயஃப்ரத்தைச் சோதிக்க அந்த ஓஸை வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். இழுப்பு நாக்கில் நின்றால் டயஃப்ரம் நலம்.

பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேலிருந்து பார்த்தால் ஓஸ் பளபளவென்று புதிது போலிருக்கும். வெடிப்பு விழுவது வளைவின் அடிப்பக்கத்தில், சூடான உலோகத்தைப் பார்த்த முகத்தில். கழற்றி, விரல்களுக்கிடையே மடக்கினால்தான் மயிரிழைக் கோடுகள் வாய் திறக்கும்.

நசுக்க முடியாத இடங்களும் இருக்கின்றன. கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் இன்சுலேட்டரும் பேக்கிங்கும் ஒன்று. மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் பேக்கிங் இன்னொன்று. இங்கே பலர் கையில் எடுப்பது கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே. லீக் உள்ள இடத்தில் அடித்தால் அந்த ஆவியும் உள்ளே இழுபட்டு, சட்டென்று என்ஜின் ஓட்டம் மாறும். ஆனால் அது தீப்பிடிக்கும் சரக்கு. அம்பாசடர் போன்ற வண்டிகளில் சைலன்சர் மேனிஃபோல்டும் அதே பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி அடிப்பது பாதுகாப்பான மாற்று. நீர் அந்த இடுக்கை ஒரு நொடி அடைக்கும். அந்த நொடியில் என்ஜின் சத்தம் மாறும். பிளக் ஒயரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் நனைக்காமல் இருந்தால் போதும்.

வாக்யூம் கேஜ் வைத்திருக்கும் பட்டறைகள் குறைவு. வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். கடல் மட்டத்தில் நல்ல என்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 22 அங்குலம் பாதரச அளவு காட்டும். முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் ஏர் லீக்கோ டைமிங் தாமதமோ இருக்கலாம். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வைப் பார்க்க வேண்டும். மலையேறினால் கணக்கு மாறும்: 1,000 அடிக்கு ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். சென்னையில் 19 காட்டிய வண்டி, 7,300 அடிக்கு மேலுள்ள ஊட்டியில் 12ஐ ஒட்டித்தான் காட்டும். இதை அறியாதவர் நல்ல என்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுவார்.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் ஏர் லீக் ஐடிலிங் தொல்லையோடு நிற்பதில்லை, உயிர் விஷயமாகிவிடுகிறது. பூஸ்டர் இயங்குவதும் அதே வாக்யூமில்தான். சோதனை எளிது. என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கல்லாகும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வாக்யூம் சரியாகப் போய்ச் சேரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. பெடலை மிதித்திருக்கும்போது டேஷ்போர்டுக்குக் கீழே ‘உஸ்ஸ்’ விடாமல் கேட்டால் உள்ளிருக்கும் டயஃப்ரத்தின் மேல் சந்தேகம் விழும்.

எம்.பி.எஃப்.ஐ. மாருதிகளில் அதே நோய் வேறு முகம் காட்டும். அங்கே கம்ப்யூட்டர் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. திருட்டுக்காற்று புகுந்து அழுத்தம் ஏறினால் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விடும். வண்டி அணையாது, ஐடிலிங் 1,500க்கு எகிறி நின்று உறுமும். காற்றின் அளவையே அளக்கும் சென்சார் உள்ள வேறு கார்களில் கலவை இளைத்து செக் என்ஜின் விளக்கு எரியும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தத் துப்பறிதலில் புதுக் குழப்பம். எத்தனாலுக்கு 1 பங்குக்கு 9 பங்கு காற்றே போதும். அது 20 சதவீதம் கலந்த பெட்ரோலைப் பழைய கார்பரேட்டரில் ஊற்றினால், ஒரு லீக்கும் இல்லாமலே கலவை கொஞ்சம் இளைக்கிறது. இதோடு சின்ன வெடிப்பும் சேர்ந்தால், முன்பு தாக்குப்பிடித்த வண்டி சிக்னலில் மண்டியிடுகிறது.

எதிலும் சிக்காத லீக்குக்குப் பெரிய பட்டறைகளில் புகை மெஷின் இருக்கிறது. என்ஜினை அணைத்து, காற்று வழியை அடைத்து, எண்ணெய்ப் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் செலுத்துவார்கள். சில நிமிடங்களில், யாரும் கைவைக்காத ஏதோ ஒரு மூட்டிலிருந்து வெள்ளை நூல் போல் புகை எழும்.

ஓஸை மாற்றி கிளிப்பை இறுக்கிய பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்தால் சொந்தக்காரர் பதறிப்போவார். என்ஜின் முன்னைவிட அதிகமாகக் கத்தும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும். இத்தனை மாதமாக அரை அரைச் சுற்றாக ஏற்றிவைத்த ஸ்குரூ அப்படியேதானே இருக்கிறது? இப்போதுதான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஒவ்வொரு அரைச் சுற்றாகத் திருப்பி இறக்க இறக்க, 1,500ல் கத்திய என்ஜின் 900க்கு வந்து, ஹெட்லைட்டைப் போட்டாலும் அணையாமல் நிற்கும்.