சாக்கடல் கரையில் வெந்நீர், சேறு, மலையேற்றம்: ஜோர்டானுக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீச்சல் தெரியாதவர்களும் பயப்படாமல் மல்லாக்கப் படுத்து மிதக்கலாம், பேப்பர் கூடப் படிக்கலாம். சாக்கடல் என்றதும் நினைவுக்கு வரும் காட்சி இதுதான். ஆனால் இன்று அங்கே போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் தண்ணீரை ஒட்டி இருந்த கரை, இப்போது எங்கேயோ மேலே நிற்கிறது.

ஏன் மிதக்கிறோம்?

சாக்கடல் உண்மையில் கடல் அல்ல, ஏரி. உள்ளே வரும் தண்ணீர் வெளியேற வழியில்லை. வெயிலில் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. சாதாரணக் கடலைவிட சுமார் 10 மடங்கு உப்பு. நீரின் அடர்த்தி நம் உடலைவிட அதிகம் என்பதால் மூழ்க விடாது. அதற்காகக் குப்புறப் படுத்து நீந்தாதீர்கள்; கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. முதல் நாள் ஷேவ் செய்துகொண்டு இறங்கினால்... கேட்கவே வேண்டாம்!

காசு கொடுத்து சேறு பூசிக்கணுமா?

கரையில் கிடைக்கும் கறுப்புச் சேற்றில் மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற தாதுக்கள் அதிகம். இதை நம்பியே ஸ்பா ஓட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து மலையிடுக்கில் இருக்கும் மாயீனில் வெந்நீரே அருவியாகக் கொட்டுகிறது. இந்த வைத்தியம் புதிதல்ல. நோயுற்ற ஏரோது மன்னர், இந்தக் கரையில் இருந்த கல்லிரோ வெந்நீரூற்றுக்கு வந்ததாக முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். ஏரோதின் மலைக்கோட்டையான மக்கேரஸின் இடிபாடுகளும் அருகிலேயே உள்ளன.

பாலைவனத்தில் வெள்ளமா?

ஆமாம், அதுதான் இங்கே பெரிய ஆபத்து. மேட்டு நிலத்தில் இருக்கும் மாதபா நகரம் கடல் மட்டத்துக்கு சுமார் 800 மீட்டர் மேலே. சாக்கடலோ 430 மீட்டருக்கும் கீழே. மேலே பெய்யும் மழையை வெறும் பாறை உறிஞ்சாது. அத்தனையும் குறுகிய பள்ளத்தாக்குகளில் பாய்ந்து வரும். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடலாம்.

2018 அக்டோபர் 25 அன்று மாயீன் பகுதியில் அப்படி வந்த வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள். பலர் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள். கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினர்.

முஜிப் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குள்ளேயே நடக்கும் பாதையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவது இதனால்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று வேறு வழி தேடாதீர்கள்.

ஏரி ஏன் வற்றுகிறது?

ஜோர்டான் ஆற்று நீரின் பெரும்பகுதியை இஸ்ரேல், ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகள் குடிக்கவும் பாசனத்துக்கும் எடுத்துக்கொள்கின்றன. தெற்கு முனையில் பொட்டாஷ் ஆலைகள் ஏரி நீரை உப்பளம் போலக் காயவைக்கின்றன. விளைவு, ஆண்டுக்கு சுமார் 1 மீட்டர் மட்டம் இறங்குகிறது. ஏரி விலகிய இடத்தில் நிலத்தடி நன்னீர் புகுந்து புதைந்திருக்கும் உப்பைக் கரைக்க, தரை திடீரென உள்வாங்குகிறது. எனவே வேலி போட்ட இடத்துக்குள் போட்டோ எடுக்கக்கூடப் போகக் கூடாது.

பயணத் திட்டம்

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெயில் தாங்கும். மழை எச்சரிக்கையை மட்டும் தினமும் பாருங்கள். 3 இரவாவது தங்குபவர்கள் ஜோர்டான் பாஸை முன்கூட்டியே வாங்கினால் விசா கட்டணம் கிடையாது. பெட்ரா நுழைவும் அதிலேயே அடக்கம். எல்லைப் பகுதி என்பதால் இந்திய அரசின் பயண அறிவுறுத்தலையும் பார்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் மாதபா தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே 6-ம் நூற்றாண்டு மொசைக் வரைபடத்தில், ஜோர்டான் ஆற்று மீன் ஒன்று சாக்கடல் உப்புக்கு அஞ்சித் திரும்பி நீந்துகிறது. அன்று மீன் திரும்பியது; இன்று ஆறே அந்தப் பக்கம் வருவது அரிதாகிவிட்டது.