கப்பலேறிய தாத்தாவுக்கு எந்த ஊர்?

‘நம்ம பூர்வீகம் எது?’ தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் கேட்கும் கேள்வி இது.

கரும்புத் தோட்ட வேலைக்காக 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து கிளம்பி, 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது.

விடை கப்பல் பட்டியலில் இருக்கிறது. ஆளுக்கொரு எண், பெயர், அப்பா பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம். ‘தென்னார்க்காடு, சிதம்பரம்’ என்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் கஷ்டம். கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு 1993-ல் பிரிந்தது. இன்று வரைபடத்தில் அந்த மாவட்டம் இல்லை. அன்றைய சிதம்பரம் தாலுகா ஊர்கள் பல, இன்று காட்டுமன்னார்கோவில், புவனகிரி தாலுகாக்களில் உள்ளன. பெயர்களும் ஆங்கில எழுத்தில் உருமாறின. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். அதனால் பட்டியலில் உள்ள ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்து, உள்ளூர்க்காரரிடம் கேட்பதே நல்ல வழி.

இங்கிலாந்து கிராமம் என்றால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டலாம். இங்கே கைகொடுப்பது குலதெய்வக் கோயில். பிழைக்கப் போன பங்காளிகளும் பொங்கல் வைக்க வந்து சேரும் இடம் அது.

‘தாத்தாவோட தம்பி கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை’ என்று உங்கள் வீட்டுப் பாட்டியும் சொல்லியிருக்கிறாரா? அவர் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கலாம்!