மழையில்லாத விடியலிலும் ஒழுகும் கூரை

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில், கலஹாவிலோ தெல்தோட்டையிலோ, தை மாதக் குளிரில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. இரவு முழுக்க ஒரு துளி மழையில்லை, வானம் நிறைய நட்சத்திரம். ஆனால் விடியும்போது தகரத்திலிருந்து பாயில் தண்ணீர் சொட்டுகிறது. ஆணித்துளையைத் தேடித் தார் பூசுகிறார்கள். மறுநாளும் சொட்டுகிறது. தார் பூசி இதை நிறுத்தவே முடியாது. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததல்ல.

தோட்டத் தொழிலாளர் வாழும் பழைய லயக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. உயரம் 8 அடி என்று வைத்தால் உள்ளே சுமார் 27 கன மீற்றர் காற்று இருக்கும். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் காம்பராவின் மொத்தக் காற்றுக்கும் அரை லீற்றர் நீர்கூடக் கொள்ளாது. தூங்குகிற ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 30 முதல் 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். ஐந்து பேர் எட்டு மணிநேரம் தூங்கினால் அது ஒரு லீற்றரைத் தாண்டிவிடும். சமையலின் ஆவியும் கொடியில் காயும் ஈரத்துணியும் இதற்கு மேல். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயங்களில் பின்சுவரில் யன்னலுக்கே இடமில்லை. அந்த ஆவி எங்கே போகும்?

மேலே தகரம் காத்திருக்கிறது. மேகமற்ற இரவில் அது தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிடும். மிக மெல்லியது என்பதால் சேமித்து வைத்த வெப்பமும் அதற்கில்லை. ஈரக்காற்று அதன் அடிப்பக்கத்தைத் தொட்டதும் நீராகிறது. பாய் நனைவதோடு இது முடிவதில்லை. ஈரச்சுவரில் பூஞ்சணம் படர்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் கூடுதல் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் இருமலைப் பேசும்போது கூரையையும் பேசியாக வேண்டும்.

இதே கண்டியின் பழைய கட்டடக்காரர்கள் ஈரத்தை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். எம்பெக்க தேவாலயத்தில் 26 கைமரங்கள் ஒரே மர முளையில் வந்து கூடுவதை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கண்டிக் கூரையின் சரிவை. மேல்பாதி செங்குத்தாக இறங்குகிறது. கீழ்ப்பாதி சற்றே படுத்து, சுவரைத் தாண்டி வெளியே நீள்கிறது. தட்டை ஓடுகளைப் படுக்கையாக வேய்ந்தால் இரண்டு ஓடுகளுக்கு இடையிலுள்ள மயிரிழை இடுக்கில் தண்ணீர் நுண்துளைக் கவர்ச்சியால் மேல்நோக்கி ஏறும். செங்குத்துச் சரிவு அதற்கு இடம் தராது. நீண்ட தாவாரம் தண்ணீரைச் சுவரடியில் விழவிடாது. ஓடுகளின் இடுக்கு வழியே வீட்டு ஆவியும் வெளியேறிவிடும். 1344இல் எழுந்த, தமிழ்க் கல்வெட்டும் கொண்ட லங்காதிலக விகாரையின் மேல்மாடிகள் இன்று இல்லை. எஞ்சிய செங்கல் கட்டடத்தைக் காப்பதும் பிற்காலத்தில் போட்ட ஓட்டுக் கூரைதான்.

சுவரிலும் இதே கதை. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறுவது இயல்பு; சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆறவிடும். அதன்மேல் கெட்டியான சீமெந்தைப் பூசினால் ஈரம் வழியின்றி இன்னும் உயரே ஏறும், உப்பு பூத்துப் பூச்சு உதிரும். பழைய வீட்டைத் 'திருத்த' அழைக்கப்படும் பாஸ்மார் செய்யும் பெருந்தீங்கு இது.

மீண்டும் கூரைக்கு வருவோம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நெளிசீற்றின் மேல் அரைவட்ட ஓடுகளை அடுக்கினார். சீற் மழையைத் தடுத்தது, ஓடு வெயிலைத் தடுத்தது. வானத்தை நேரே பார்க்காத சீற் இரவில் அவ்வளவு குளிராது என்பதும் இதிலுள்ள நன்மை. லயத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. முகட்டில் மழை புகாதபடி ஒரு காற்றுவழி, தாவாரத்தின் கீழே இன்னொன்று, தகரத்துக்கு அடியில் பலகையால் ஒரு சீலிங். கீழே நுழையும் காற்று ஆவியைச் சுமந்து முகட்டால் வெளியேறும். குளிருக்குப் பயந்து பழைய சாக்கைத் திணித்து அந்த வழிகளை அடைக்காமலிருக்கத்தான் சீலிங் வேண்டும். அது இருந்தால் காற்று தலைக்கு மேலேயே ஓடிவிடும். இப்போது கட்டப்படும் தோட்டத்துத் தனிவீடுகளின் வரைபடத்தில், அத்திவாரம் வெட்டும் முன்பே இந்த இரண்டு திறப்புகளும் இருக்கின்றனவா என்று குடும்பத்தார் கேட்டுப் பார்க்க வேண்டும்.