கடலோர விடுமுறையும் கைத்தொலைபேசியும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், கொம்பனித்தெருவிலும் வெள்ளவத்தையிலும் வாழும் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, நிலாவெளியிலோ ஹிக்கடுவையிலோ ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தி நாலு நாள் தங்கி வருவதுண்டு. வீடு பேசும்போது, "கிணற்றுத் தண்ணீர் நல்லதா?" என்று வினவிய காலம் போய், "வைபை உண்டா?" என்று வினவும் காலம் வந்திருக்கிறது. கடலைக் காணச் சென்றவர்கள் விறாந்தையிலே ஆளுக்கொரு கைத்தொலைபேசியுடன் குனிந்திருக்கும் காட்சி சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகின்றது. "அந்த நாலு நாளும் தொலைபேசியே வேண்டாம்" என்று பெற்றோர் சிலர் கூறுவதில் நியாயம் உண்டு. ஆயினும், நமது தீவின் கரை கற்பித்த பாடம் ஒன்றையும் எண்ணிப் பார்த்தே இதனைத் தீர்மானித்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினமுங்கூட. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர், கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கி ஒரு கடுகதிப் புகையிரதம் புறப்பட்டது. கொம்பனித்தெரு நிலையத்தைத் தாண்டிக் கடலோரமாகச் செல்லும், நமக்கு நன்கு பழகிய பாதை அது. அவ்வேளையிலேதான் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிலே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையிலே புகுந்தது. செய்தி எட்டியதும் மருதானையிலிருந்த புகையிரத அதிகாரிகள் அப்பாதையில் வேறு வண்டிகளை நிறுத்தினர். அம்பலாங்கொடை நிலையத்துக்கும் தொலைபேசியில் அழைப்பு விடுத்தனர். நிலையத்து ஊழியர் யாவரும் வந்து நின்ற வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்தமையால், மணியோசைக்கு விடையளிக்க எவருமில்லை. ஒருவர் வந்து எடுத்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது. காலை ஒன்பதரை மணியளவில், ஹிக்கடுவைக்கு அருகே பெரலிய என்னுமிடத்தில், பேரலை அவ்வண்டியைப் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொலைபேசி இருந்தும் அதனைக் கேட்க ஆளில்லாமையின் விலை அது.

அதே நாள் தாய்லாந்தின் பூக்கெட் தீவிலே நடந்ததை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. பெற்றோருடன் விடுமுறையைக் கழிக்கச் சென்றிருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் விபரீதமாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன்னர் புவியியல் வகுப்பிலே கற்றது நினைவுக்கு வந்தது. அவள் விடுத்த எச்சரிக்கையால் அக்கரையிலிருந்தோர் உரிய நேரத்தில் விலகி உயிர் தப்பினர். எந்தத் தொலைபேசியும் அவளுக்குச் சேதி சொல்லவில்லை. அவள் கண்கள் கடலின்மேல் இருந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் வழி புலப்படும். இன்று நமக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் உண்டு. 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி அமைந்தது அது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் அமைக்கப்பட்டன. 117 என்ற இலக்கத்தில் அந்நிலையத்தை அழைக்கலாம். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராப் பக்கம் மீண்டும் பூமி அதிர்ந்தபோது, எச்சரிக்கை கேட்டு மக்கள் கரையைவிட்டு அகன்றனர். பேரலை வரவில்லை, எனினும் அவர்கள் அகன்றதே அறிவுடைமை.

ஆகவே, கடலோர வீட்டிலே ஒரேயொரு தொலைபேசி விழித்திருக்கட்டும். அது பெரியவர் ஒருவரின் பொறுப்பில், மின்னேற்றிய நிலையில், இரவிலும் மணியொலி கேட்கும்படி இருத்தல் வேண்டும். ஏனையவை பெட்டிக்குள் உறங்கட்டும். போய்ச் சேர்ந்த அன்றே, மேட்டு நிலத்துக்குச் செல்லும் வழியை வீட்டுக்காரரிடம் கேட்டறிந்து, பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து பாருங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, சேதிக்குக் காத்திராமல் அவ்வழியே ஏறிவிட வேண்டுமென்று அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

அதன் பின்னர் நிம்மதியாக அலைகளைப் பார்த்திருக்கலாம். கடலைக் கவனித்துப் பார்ப்பதும் ஒரு தற்காப்பே.